தராசில் பத்து கிராம், இன்ஜினில் பத்து கிலோ

பழைய அம்பாசிடருக்குப் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் விற்கும் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

மளிகைக் கடையில் பத்து கிராம் குறைந்தால் கெட்ட பெயர். நகைக் கடையில் பத்து கிராம் குறைந்தால் காவல் நிலையம். மோட்டார் உதிரிப்பாகக் கடையில் மட்டும் தராசுக்கு வேலையே இல்லை என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் பார்க்கிறோம், எண்ணிக் கொடுக்கிறோம், பில் போடுகிறோம். நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் வியாபாரம் செய்தேன். 2022-ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு என் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எலெக்ட்ரானிக் தராசு இடம் பிடித்துக்கொண்டது. அது அங்கே வந்த கதையைச் சங்க அன்பர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் கொடுத்த விலையை மற்றவர்களும் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

"ஒண்ணே ஒண்ணு போதும் அண்ணாச்சி"

எங்கள் கடை திருநெல்வேலி ஜங்ஷனில் இருக்கிறது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நெடுநாளைய வாடிக்கையாளர். அவருடைய தந்தையார் வாங்கிய 1968 மாடல் அம்பாசிடரைக் கண்ணைப் போல் காத்து வருகிறார். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் அசல் உருவில் இருக்கும் சொந்த வாகனங்களை 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்துகொள்ள அந்தத் திருத்தம் வழி செய்தது. தலைமையாசிரியருக்கு அந்தப் பதிவு வாங்க ஆசை. அதற்கு முன்னால் இன்ஜினைச் சீர் செய்துவிடலாம் என்று ஒரு மேஸ்திரியிடம் வண்டியை விட்டார்.

இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால், மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டனின் ரிங் பள்ளத்தை ஒட்டிய விளிம்பு உடைந்திருந்தது. ராடும் லேசாக வளைந்திருந்தது. மேஸ்திரி கடைக்கு வந்தார்.

"மத்த மூணும் கல்லு மாதிரி இருக்கு அண்ணாச்சி. இருபது ஓவர்சைஸ்ல ஒண்ணே ஒண்ணு குடுங்க, போதும். ஒரு ராடும் வேணும். சாருக்கும் செலவு குறையும்லா?"

என் ரேக்கில் ஓர் உடைந்த செட் இருந்தது. நான்கில் ஒன்று எப்போதோ விற்றுப்போக, மூன்று பிஸ்டன்கள் வருஷக்கணக்கில் தூசி தின்றுகொண்டிருந்தன. வண்டியில் இருந்தது வேறு கம்பெனிப் பிஸ்டன். வெர்னியர் வைத்து விட்டத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பின்னைப் பார்த்தேன், அதுவும் சரியாக இருந்தது. எப்போதோ பழைய இன்ஜின் ஒன்றிலிருந்து கழற்றி வந்த ராடு ஒன்றையும் எடுத்துக் கொடுத்தேன். முடங்கிக் கிடந்த சரக்கு நகர்கிறதே என்று உள்ளூர மகிழ்ச்சி வேறு.

மூன்று வாரம் கழித்துத் தலைமையாசிரியரே நேரில் வந்தார்.

"அம்பதுல நல்லாத்தான் போகுது அண்ணாச்சி. எழுபதைத் தாண்டினா ஸ்டியரிங்கு, கதவு, கண்ணாடி எல்லாம் நடுங்குது. அப்பா ஓட்டும்போது இப்படி இருந்ததில்ல. மேஸ்திரி மேலயும் குத்தமில்ல, உங்க மேலயும் குத்தமில்ல. வண்டிக்கு வயசாயிட்டு. வித்துரலாமான்னு பாக்கேன்."

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. குற்றத்தை வண்டியின் வயதின் மேல் போட்டுவிட்டு எழுந்து போனார் பாருங்கள், அதுதான் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை.

மறுநாள் மேஸ்திரியை அழைத்து, என் பொறுப்பில் இன்ஜினை மறுபடி இறக்கச் சொன்னேன். பக்கத்து நகைக் கடையில் தராசு இரவல் வாங்கினோம். பழைய பிஸ்டன்கள் மூன்றும் தமக்குள் இரண்டு கிராம் வித்தியாசத்துக்குள் நின்றன. நான் கொடுத்த நான்காவது, 18 கிராம் அதிகம். நான் கொடுத்த ராடு மற்ற ராடுகளைவிட 26 கிராம் அதிகம். என் வெர்னியர் பொய் சொல்லவில்லை. அளக்க வேண்டியவற்றில் பாதியை நான் அளக்கவே இல்லை.

கிராம் எப்படிக் கிலோ ஆகிறது?

நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒன்றாவது, நான்காவது பிஸ்டன்கள் மேலே போகும்போது இரண்டாவது, மூன்றாவது பிஸ்டன்கள் கீழே இறங்குகின்றன. தராசின் இரண்டு தட்டுகள் போல என்று வைத்துக்கொள்ளலாம். நான்கும் ஒரே எடையாக இருந்தால் மேலே இழுக்கும் விசையும் கீழே இழுக்கும் விசையும் பெரும்பாலும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்று மட்டும் கனத்தால், மிச்சப்படும் விசை இன்ஜின் மவுண்டிங் வழியாக வண்டி முழுவதையும் ஆட்டும்.

அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜினில் பிஸ்டன் ஓடும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 88.9 மி.மீ. இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது பிஸ்டன் நொடிக்கு 66 தடவைக்கு மேல் உச்சிக்குப் போய் நின்று திரும்புகிறது. அந்த உச்சியில் அதன் மேல் விழும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 1,000 மடங்கு. கணக்கு சுலபம்: தராசில் எத்தனை கிராம் அதிகமோ, அந்தச் சுற்றில் இன்ஜினுக்கு அத்தனை கிலோ அதிகம். பத்து கிராம் பத்து கிலோவாகிறது. நான் கொடுத்த 18 கிராம், நொடிக்கு 66 தடவை விழும் 18 கிலோ சம்மட்டியாகிவிட்டது. சுற்று பாதியானால் விசை கால் பங்காகக் குறைந்துவிடும். மெதுவாகப் போகும்போது குறை தெரியாமல், எழுபதைத் தாண்டியதும் வண்டி நடுங்கியதற்குக் காரணம் இதுதான்.

அதிர்வு மட்டுமா? பேரிங் சீக்கிரம் தேயும், போல்ட்டு தளரும். நாம் மிச்சப்படுத்திக் கொடுத்ததாக நினைத்த பணத்தை வாடிக்கையாளர் பின்னால் வேறு கடையில் கொடுப்பார். அடுத்த முறையும் அந்தக் கடைக்கே போவார்.

'அம்பாசிடர் பிஸ்டன்' என்று ஒன்று இல்லை

கவுண்டரில் வந்து நிற்பவர் 'அம்பாசிடர் பிஸ்டன்' என்றுதான் கேட்பார். நாம் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எந்த இன்ஜின்?"

1950-களின் பிற்பகுதியில் வந்த முதல் அம்பாசிடர்களில் 1476 சி.சி. சைடு வால்வு இன்ஜின் இருந்தது. அதன் பிறகு பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் வடிவமைப்பில் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் வந்தது. பின்னர் டீசல் இன்ஜினும் வந்தது. அதுவும் 1489 சி.சி. 1990-களில் இசுசு வடிவமைப்பில் 1817 சி.சி. பெட்ரோலும், 1995 சி.சி. டீசலும் சேர்ந்துகொண்டன. 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலை நிற்கும்வரை வெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே வண்டி. உள்ளே இத்தனை வகை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 1489 பெட்ரோலுக்கும் 1489 டீசலுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே: 73.025 மி.மீ., அதாவது 2.875 அங்குலம். இசுசு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விட்டம் ஒன்றே: 84 மி.மீ. விட்டத்தை மட்டும் அளந்து கொடுக்கும் வணிகர் இரண்டு இடத்திலும் ஏமாறுவார். டீசல் இன்ஜின் காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்துகிறது. பழைய பெட்ரோல் இன்ஜினோ ஏழெட்டு மடங்குதான். இரண்டின் பிஸ்டனும் தலை வடிவத்திலும் கனத்திலும் வேறுபடும். ஒன்றை மற்றொன்றில் போட முடியாது.

விட்டத்துக்கு அடுத்தது உயரம்

பின் துவாரத்தின் நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரத்தைக் கம்ப்ரெஷன் உயரம் என்பார்கள். விட்டமும் பின்னும் ஒன்றாக இருந்தும் இந்த உயரம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் என்ன ஆகும்? 1489 இன்ஜினில் அந்தச் சிலிண்டரின் எரி அறை சுமார் 4.2 சி.சி. பெரிதாகிவிடும். 7.2 விகிதம் இருக்க வேண்டிய இடத்தில் 6.8-தான் கிடைக்கும். மூன்று சிலிண்டர் ஒரு பலத்தில் தள்ள, ஒன்று சோம்பேறியாகத் தள்ளும். உயரம் கூடினாலோ தட்டும் சத்தம் வரும். சில இன்ஜின்களில் வால்விலேயே இடித்துவிடும். பி-சீரிஸ் 1489 இன்ஜினுக்கே பிரிட்டனில் 7.2 என்றும் 8.3 என்றும் இரண்டு விகிதங்கள் இருந்தன. இறக்குமதிப் பெட்டிகள் வாங்கும் அன்பர்கள் பெட்டியில் விகிதத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ராடு விற்கும்போது

முதலாவது, ராடும் அதன் கீழ் மூடியும் கணவன் மனைவி மாதிரி. இரண்டையும் ஒன்றாகப் பூட்டித்தான் துளையைக் கடைகிறார்கள். அதனால்தான் இரண்டிலும் ஒரே எண் குத்தியிருக்கும். ஓர் எண் ராடுக்கு வேறு எண் மூடியைப் போட்டால் துளை வட்டமாக இருக்காது, பேரிங் நிற்காது. எண் மாறிய ராடு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் காயலான் கடைச் சரக்குதான்.

இரண்டாவது, பி-சீரிஸ் 1489 ராடின் கீழ் முனை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி அமைந்திருக்கும். 1, 3 சிலிண்டர்களுக்கு ஒரு பக்கம். 2, 4 சிலிண்டர்களுக்கு மறுபக்கம். 'அம்பாசிடர் ராடு ஒண்ணு' என்று கேட்டால் எந்தச் சிலிண்டருக்கு என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, பின் நிற்கும் முறை. இந்த 1489 வடிவமைப்பில் ராடின் மேல் முனை பிளவுபட்டிருக்கும்; ஒரு போல்ட்டு அதை இறுக்கிப் பின்னைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் போல்ட்டுக்கு இடம் விட்டுப் பின்னின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். வேறு இன்ஜின்களில் மேல் முனையில் புஷ் இருக்கும். பின் இரண்டு பக்கமும் சர்க்கிளிப்பால் நிற்கும். புஷ் ராடையும், சர்க்கிளிப் பள்ளம் இல்லாத பிஸ்டனையும் சேர்த்து விற்றால் பின் நகர்ந்து சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். ஒரு சில்லறைப் பொருளால் பிளாக்கே வீணாகும்.

நான்காவது, பழைய ராடு என்றால் வளைவும் முறுக்கமும் பார்க்காமல் விற்கக் கூடாது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. லேத்துப் பட்டறையில் ஜிக்கில் வைத்துப் பார்த்துத் தருவார்கள். சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய ராடுகளை மொத்தமாக வாங்கி வரும் அன்பர்கள் இந்தச் செலவையும் கொள்முதலில் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

எடை போடும் முறை

பிஸ்டனையும் பின்னையும் தனித்தனியே நிறுத்து, பென்சிலால் பெட்டியில் எழுதுங்கள். நான்கு பிஸ்டன்களும் இரண்டு மூன்று கிராமுக்குள் நிற்பது நல்லது. ராடை முழுதாக நிறுப்பது மட்டும் போதாது. மேல் முனையின் கனம் பிஸ்டனோடு சேர்ந்து மேலும் கீழும் ஓடுகிறது. கீழ் முனையின் கனம் கிராங்க் சாஃப்டோடு சேர்ந்து சுற்றுகிறது. ஆகவே ராடைக் கிடைமட்டமாக வைத்து, ஒரு முனையைத் தாங்கியிலும் மறு முனையைத் தராசிலும் நிறுத்தி, பிறகு மாற்றி நிறுக்க வேண்டும். கனத்த ராடைக் குறைக்க வேண்டுமானால் பட்டறைக்காரர் முனைகளில் அதற்கென விடப்பட்ட தடிப்பில் மட்டுமே தேய்ப்பார். நடுத்தண்டிலோ போல்ட்டு ஓரத்திலோ கை வைத்தால் ராடு ஓடும்போதே முறியும். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிவிடுவது நம் கடமை.

முதலில் பிஸ்டன், பிறகு போரிங்

பலர் முதலில் பிளாக்கைப் போரிங் போட்டுவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடி வருகிறார்கள். இது தலைகீழ். அம்பாசிடர் 1489-க்கு ஓவர்சைஸ் அங்குலக் கணக்கு: பத்து, இருபது, முப்பது, நாற்பது என்பவை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. பழைய பிரீமியர் பத்மினிக்கு 68 மி.மீ. விட்டம், 75 மி.மீ. ஸ்ட்ரோக், அது மில்லிமீட்டர் கணக்கு. கையில் என்ன சைஸ் செட் கிடைக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, அந்தப் பிஸ்டன்களைப் பட்டறையில் கொடுத்து, அவற்றை அளந்து அதற்கேற்பப் போரிங் போடச் சொல்வதே முறை. பிஸ்டன் முழு வட்டமாக இருக்காது. தலைப்பக்கம் சற்றுக் குறுகியும் இருக்கும். எனவே பின்னுக்குக் குறுக்காக, அடிப்பாவாடைப் பகுதியில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்க வேண்டும். நான் வெர்னியரைத் தலையில் வைத்து அளந்தவன். அதுவும் தப்புதான்.

போரிங் போடாமல் பழைய சிலிண்டரிலேயே புது ரிங் போடுவோருக்கும் ஓர் எச்சரிக்கை. தேய்ந்த சிலிண்டரின் உச்சியில் ஒரு வரம்பு நிற்கும். பழைய ரிங் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். புது ரிங் போய் அதில் மோதும். மோதி ரிங்கும் உடையும், ரிங் பள்ளத்து விளிம்பும் உடையும்.

உடைந்த செட்டின் வியாபாரக் கணக்கு

வணிகர்களாகிய நாம் லாப நட்டமும் பார்க்க வேண்டுமே. நான்கு பிஸ்டன் பெட்டியைப் பிரித்து ஒன்றை விற்றால், அந்தப் பெட்டியில் போட்ட முதலில் நான்கில் மூன்று பங்கு ரேக்கில் முடங்குகிறது. மிச்ச மூன்றை யாரும் செட்டாகக் கேட்கப் போவதில்லை. விற்றால் என் கதைதான். அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. இனி இந்தச் சரக்கை வாங்க வருபவர் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவர்கள் தேடி வருபவர்கள், விவரம் தெரிந்தவர்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்பவர்கள். சென்னை செம்பியத்தில் 1949-லேயே பிஸ்டன் தொழிற்சாலை அமைந்த மாநிலம் இது. தரமான சரக்குக்கு நாம் ஏங்க வேண்டியதில்லை. கவனமாக விற்கத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கவுண்டரில் கேட்க வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். ஓர் அட்டையில் எழுதிக் கடைப் பையன்கள் கண்ணில் படும்படி மாட்டிவிடலாம்.

1. எந்த இன்ஜின், பெட்ரோலா டீசலா, எத்தனை சி.சி.?
2. இப்போது சிலிண்டர் என்ன சைஸில் இருக்கிறது? யார், எதை வைத்து அளந்தது?
3. பழைய பிஸ்டனைக் கொண்டு வந்திருக்கிறாரா? உயரமும் தலை வடிவமும் ஒத்துப்போகிறதா?
4. பின் போல்ட்டால் நிற்கிறதா, சர்க்கிளிப்பால் நிற்கிறதா?
5. ராடு எத்தனையாவது சிலிண்டருக்கு? மூடி எண் பொருந்துகிறதா?
6. கிராங்க் கிரைண்டிங் ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தால் பேரிங் எந்த அண்டர்சைஸ்?
7. எடை பார்த்தாயிற்றா?

ஒற்றைப் பிஸ்டன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு, அதே கம்பெனி, அதே பாக எண், அதே சைஸ், எடையும் இரண்டு மூன்று கிராமுக்குள் இருந்தால் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்லிவிடுங்கள். இல்லை என்று சொல்லி இழக்கும் வியாபாரம் ஒரு நாள் வியாபாரம்.

இதில் நம் சங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வோர் உறுப்பினரின் ரேக்கிலும் இரண்டு, மூன்று என்று உடைந்த செட்டுகள் கிடக்கின்றன. கம்பெனி, பாக எண், சைஸ், எடை ஆகிய நான்கையும் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், ஒரு பொதுப் பட்டியல் தயாரித்துவிடலாம். என்னிடம் உள்ள மூன்றும் தங்களிடம் உள்ள ஒன்றும் சேர்ந்து ஒரு முழுச் செட் ஆகலாம். முடங்கிய முதல் நகரும். வாடிக்கையாளருக்கும் பொருத்தமான சரக்கு கிடைக்கும். அடுத்த செயற்குழுவில் இதை முன்மொழிய இருக்கிறேன்.

தலைமையாசிரியர் வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முப்பது ஓவர்சைஸில் எடை பார்த்த முழுச் செட் ஒன்றை என் செலவில் கொடுத்தேன். அதை அளந்து போரிங் போட்டோம். ராடுகள் நான்கையும் பட்டறையில் எடை சமன் செய்தோம். மேஸ்திரி தன் கூலியில் பாதியை விட்டுக் கொடுத்தார். அந்த மாத லாபத்தில் நல்ல துண்டு விழுந்தது என்பதை மறைக்கவில்லை. வண்டி ஓடத் தொடங்கிய பிறகு ஒரு மாலை, தலைமையாசிரியர் கடை வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே என்னைக் கூப்பிட்டார்.

"பானட்டு மேல கையை வைங்க அண்ணாச்சி" என்றார்.

வைத்தேன். கை ஆடவில்லை.

விற்கும் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.